பௌட்லரைஸ்: ஷேக்ஸ்பியருக்குக் கத்தரிக்கோல் வைத்த குடும்பத்தின் கதை



அடுத்த முறை கடையில் பால் வாங்கும்போது பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். ‘பாஸ்டரைஸ்டு’ என்று இருக்கும். பாலைச் சூடாக்கி, நோய் தரும் கிருமிகளை அழித்திருக்கிறார்கள் என்று பொருள். லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு அறிவியலாளரின் பெயருக்குப் பின்னால் ஒரு விகுதியை ஒட்டினார்கள், வினைச்சொல் பிறந்துவிட்டது. ‘பாய்காட்’ என்ற சொல்லும் அப்படித்தான். 1880இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், நிலக்கிழார் ஒருவரின் முகவராக இருந்த கேப்டன் பாய்காட்டுடன் பேச்சு, வேலை, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் ஊர்மக்கள் நிறுத்திக்கொண்டார்கள். மனிதரின் பெயரே ‘புறக்கணி’ என்ற பொருளில் உலகம் சுற்றத் தொடங்கியது.

இந்த வரிசையில் அதிகம் புழங்காத சொல் ஒன்று உண்டு. ‘பௌட்லரைஸ்’. நூல் விமர்சனங்களில் எப்போதாவது கண்ணில் படும். தமிழாசிரியர்களுக்கான இதழில் இந்த ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சொல் குறிக்கும் செயலை நாம் எல்லாருமே வகுப்பில் செய்கிறோம். பெயர் தெரியாமல் செய்கிறோம், அவ்வளவுதான்.

நான் செய்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, படிவம் நான்கு வகுப்பில் திருக்குறளை அறிமுகம் செய்துகொண்டிருந்தேன். முப்பால், 133 அதிகாரம், 1330 குறள் என்று வெண்பலகையில் எழுதினேன். அறத்துப்பாலில் ஒரு குறள், பொருட்பாலில் ஒரு குறள் என்று விளக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையைத் தூக்கினாள். “டீச்சர், மூணாவது பாலைக் காணோமே?”

“அது பெரியவங்க படிக்கிறதும்மா. பிறகு பார்த்துக்கலாம்,” என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். மாணவி மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம்.

என்ன பொருள்?

ஒரு நூலில் ‘இது தகாதது, இது கூச்சம் தருவது’ என்று ஒருவர் கருதும் பகுதிகளை நீக்கியோ மாற்றியோ வெளியிடுவதுதான் பௌட்லரைஸ் செய்வது. இதற்குப் பக்கத்திலேயே வேறு சில சொற்கள் இருக்கின்றன. அவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

‘அப்ரிட்ஜ்’ என்றால் சுருக்குவது. நீளம்தான் காரணம், ஒழுக்கம் காரணமில்லை. ‘சென்சார்’ என்றால் தணிக்கை செய்வது. பெரும்பாலும் அதிகாரம் கையில் உள்ளவர் செய்வது. ‘எக்ஸ்பர்கேட்’ என்றால் தகாதவற்றை அகற்றித் தூய்மையாக்குவது. இது லத்தீன் மொழியில் ‘தூய்மை செய்’ என்ற வேரிலிருந்து வந்தது. பேதி மருந்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பர்கேட்டிவ்’ என்ற பெயருக்கும் அதே வேர்தான்!

பௌட்லரைஸ் இவை எல்லாவற்றிலிருந்தும் ஒரு வகையில் வேறுபடும். அதில் ஒரு கேலி ஒளிந்திருக்கிறது. ‘நல்லது செய்கிறேன் என்று நினைத்து நூலையே கெடுத்துவிட்டாய்’ என்ற குற்றச்சாட்டு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே மாணவர்கள் இதை நடுநிலைச் சொல்லாக நினைத்துக் கட்டுரையில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாத் நகரில் ஒரு வாசிப்புக் குடும்பம்

இங்கிலாந்தின் பாத் நகரை ஒட்டி 18ஆம் நூற்றாண்டில் பௌட்லர் என்ற வசதியான குடும்பம் வாழ்ந்தது. மாலை வேளைகளில் அப்பா உரக்கப் படிப்பார். மனைவி மக்கள் உட்கார்ந்து கேட்பார்கள். தொலைக்காட்சி இல்லாத காலம். ஷேக்ஸ்பியர் நாடகங்களை அப்பா அருமையாக வாசிப்பாராம். பிள்ளைகள் கேட்கக் கூடாத வரி வந்தால் நிறுத்தாமல், தயங்காமல் அதைத் தாண்டிப் போய்விடுவார், அல்லது அந்த இடத்திலேயே வேறு சொல் போட்டு நிரப்பிவிடுவார். கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மகன் தாமஸ் பௌட்லர் இதைப் பின்னாளில் பெருமையோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

‘எல்லா அப்பாக்களுக்கும் இந்தத் திறமை வாய்க்காதே, அந்த வாசிப்பையே அச்சில் கொடுத்தால் என்ன?’ என்பதுதான் முழுத் திட்டத்துக்கும் விதை.

தாமஸ் 1754இல் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். ஆனால் அந்தத் தொழிலில் நீடிக்கவில்லை. சிறைச்சாலைகளின் நிலையை மேம்படுத்தும் பணியில் ஈடுபட்டார். நல்ல சதுரங்க ஆட்டக்காரரும்கூட. 1788இல் லண்டனில் இரண்டு கோட்டைகளையும் பலி கொடுத்து அவர் வென்ற ஆட்டம் சதுரங்க வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது.

இதுவரை படித்தால், கத்தரிக்கோல் பிடித்தவர் இந்த தாமஸ்தான் என்று தோன்றும். உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது.

அக்காவின் கை

தாமஸுக்கு நான்கு வயது மூத்தவர் ஹென்ரியேட்டா மரியா பௌட்லர். 1807இல் பாத் நகரில் ‘த ஃபேமிலி ஷேக்ஸ்பியர்’ என்ற நூல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. 20 நாடகங்கள். பதிப்பாசிரியர் பெயர் எங்கும் இல்லை. அதைத் தொகுத்தவர், வெட்டியவர், திருத்தியவர் ஹென்ரியேட்டா என்பதே ஆய்வாளர்கள் பிற்காலத்தில் வந்து சேர்ந்த முடிவு.

ஏன் பெயர் போடவில்லை? அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். அவர் திருமணம் ஆகாத பெண்மணி. ‘இந்த வரி ஆபாசமானது, எடுத்துவிட்டேன்’ என்று சொன்னால், ‘உனக்கு அது எப்படிப் புரிந்தது?’ என்ற கேள்வி வரும். வெட்ட வேண்டுமானால் பொருள் தெரிய வேண்டும். பொருள் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் மரியாதை போய்விடும். பெயரை மறைப்பதைத் தவிர வழியில்லை.

ஹென்ரியேட்டாவுக்கு இது புதிதும் அல்ல. 1801இல் அவர் எழுதிய கிறித்தவச் சமயச் சொற்பொழிவு நூலும் பெயரில்லாமல்தான் வந்தது. அதை எழுதியவர் யாரோ ஒரு பாதிரியார் என்று நினைத்துக்கொண்ட லண்டன் ஆயர், பதிப்பாளர் வழியாக அவருக்குத் திருச்சபைப் பதவி ஒன்று தர முன்வந்ததாக ஒரு செய்தி உண்டு. எழுத்துக்குக் கிடைத்த மரியாதை எழுதியவருக்குக் கிடைக்க வழியில்லாமல் போன காலம் அது.

1818இல் தாமஸ் இந்தப் பணியைப் பெரிதாக்கினார். பத்துத் தொகுதிகள், 36 நாடகங்கள். இந்த முறை முகப்பில் பெயர் இருந்தது. தாமஸ் பௌட்லர் என்ற பெயர்.

இங்கே இன்னொரு செய்தியையும் கேளுங்கள். அதே 1807ஆம் ஆண்டில்தான் இன்னொரு அக்காவும் தம்பியும் பிள்ளைகளுக்காக ஷேக்ஸ்பியரை எழுதி வெளியிட்டார்கள். மேரி லாம்ப், சார்ல்ஸ் லாம்ப். நம்மில் பலருக்கு ஷேக்ஸ்பியரே இவர்களுடைய கதைகள் வழியாகத்தான் அறிமுகம். அதிலும் 20 நாடகங்கள். இன்பியல் நாடகங்கள் உட்பட 14 கதைகளை எழுதியவர் அக்கா மேரி. துன்பியல் நாடகங்கள் ஆறைத் தம்பி எழுதினார். முதல் பதிப்பின் முகப்பில் இருந்ததோ சார்ல்ஸ் பெயர் மட்டும். ஒரே ஆண்டு, இரண்டு குடும்பம், இரண்டு அக்காக்கள். இரண்டு பெயர்களும் முகப்பில் இல்லை.

எதை வெட்டினார்கள்?

‘வெட்டினார்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது, ‘மெக்பெத்’. கொலைக்குத் துணைபோன லேடி மெக்பெத், தூக்கத்தில் நடந்துகொண்டே கையில் இல்லாத இரத்தக் கறையைக் கழுவுகிறாள். அந்தக் கறையைச் சபிக்க மூலத்தில் ஷேக்ஸ்பியர் போட்ட சொல் ‘டாம்ட்’. பௌட்லர் பதிப்பில் அது ‘கிரிம்சன்’ ஆகிவிட்டது. அதாவது செந்நிறம். ஒரு வசவுதானே, போனால் போகிறது என்று தோன்றும். ஆனால் ‘டாம்ட்’ வசவு மட்டும் அல்ல. ‘நரகத்துக்குத் தீர்ப்பிடப்பட்ட’ என்பதே அதன் நேர்ப்பொருள். கறையைச் சபிக்கும் அந்த வாய் தன்னையே சபித்துக்கொள்கிறது. செந்நிறம் என்று மாற்றியதும் கறைக்கு வண்ணம் கிடைத்தது. அவளுடைய அச்சம் போய்விட்டது.

இரண்டாவது, ‘ஹாம்லெட்’. ஒஃபீலியா நீரில் மூழ்கி இறக்கிறாள். தவறி விழுந்தாளா, தானே உயிரை விட்டாளா என்பதை நாடகம் தெளிவாகச் சொல்வதில்லை. குழி தோண்டுபவர்கள்கூட அதைப் பற்றித்தான் வாதாடுகிறார்கள். குடும்பப் பதிப்பில் அது விபத்து. கேள்வியே காணாமல் போய்விட்டது.

மூன்றாவது, ‘நான்காம் ஹென்றி’. அதன் இரண்டாம் பாகத்தில் டால் டேர்ஷீட் என்ற விலைமகள் வருவாள். பௌட்லர் பதிப்பில் அந்தப் பாத்திரமே இல்லை. கடவுளின் பெயரைச் சொல்லி வியக்கும் இடங்களில் ‘ஹெவன்ஸ்’ வந்து உட்கார்ந்தது.

1818 பதிப்பின் முகப்பு, மூலத்தோடு எதுவும் சேர்க்கப்படவில்லை என்றும், குடும்பத்தில் உரக்கப் படிக்க ஒவ்வாத சொற்கள் மட்டுமே நீக்கப்பட்டன என்றும் அறிவித்தது. ‘கிரிம்சன்’ எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கலாம். அந்த அறிவிப்பு முழு உண்மை அல்ல.

அவர்கள் பக்கமும் கேட்போம்

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீக்கியிருக்கிறோம் என்பதைப் புத்தகத்தின் முகப்பிலேயே சொன்னவர்கள் இவர்கள். ‘ஒத்தெல்லோ’வில் தாமஸ் திணறிப்போனார். பொறாமையும் சந்தேகமுமே கதை; அதை எடுத்தால் நாடகமே நிற்காது. ‘குடும்ப வாசிப்புக்கு இது ஒத்துவரவில்லை என்றால், கூடத்திலிருந்து எடுத்து உள்ளறை அலமாரியில் வைத்துவிடுங்கள்’ என்ற கருத்தில் வெளிப்படையாகவே எழுதினார். கத்தரிக்கோலுக்கும் எல்லை உண்டு என்று தெரிந்த மனிதர்.

இவருக்கு முன்னால் நேஹம் டேட் என்பவர் 1681இல் ‘லியர் அரச’னை மாற்றி எழுதினார். சாக வேண்டிய கார்டீலியா சாகாமல் திருமணம் செய்துகொள்கிறாள், கோமாளியைக் காணவில்லை, முடிவு சுபம். ஏறக்குறைய 150 ஆண்டுகள் இங்கிலாந்து மேடைகளில் இந்த வடிவம்தான் கோலோச்சியது. 1838இல்தான் நடிகர் மெக்ரெடி கோமாளியையும் துயர முடிவையும் மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தார். கதையையே மாற்றிய டேட்டின் பெயர் வினைச்சொல் ஆகவில்லை. சொற்களில் கை வைத்த பௌட்லரின் பெயர்தான் ஆனது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் ஸ்வின்பர்ன் பௌட்லருக்காக வழக்காடினார். அறிவும் கற்பனையும் உள்ள பிள்ளைகளின் கையில் ஷேக்ஸ்பியர் போய்ச் சேர வழிசெய்தவர் இவர்தான் என்பது அவர் வாதம். இதைத் தள்ளிவிட முடியாது. முழு நூலைப் பிள்ளைகளுக்குத் தர மறுத்த வீடுகளில், இந்தப் பதிப்பு இல்லாவிட்டால் ஷேக்ஸ்பியரே இருந்திருக்க மாட்டார்.

சொல் பிறந்தது

தாமஸ் 1825இல் இறந்தார். ஹென்ரியேட்டா 1830இல் இறந்தார். 1836இல் தாமஸ் பெரோனெட் தாம்சன் என்ற அரசியல்வாதி எழுதிய ஒரு கடிதத்தில் ‘பௌட்லரைஸ்’ என்ற வினைச்சொல் முதன்முதலாக எழுத்தில் தென்படுகிறது. அங்கே பேச்சு ஷேக்ஸ்பியரைப் பற்றியதுகூட இல்லை. விவிலியத்தில் உள்ள பெயர்களையே மாற்றிவிடத் துடிக்கும் அதிதீவிர பக்தர்களைச் சீண்டத்தான் அவர் அதைப் பயன்படுத்தினார். அப்போதே சொல்லில் கேலி ஏறிவிட்டது.

இப்போது இதை ஒரு நிமிடம் யோசியுங்கள். தகாதது என்று கருதி ஒன்றை நீக்குவதுதான் பௌட்லரைஸ். அந்தச் சொல்லின் சொந்த வரலாற்றிலிருந்தே, தகாதது என்று கருதி நீக்கப்பட்டது ஹென்ரியேட்டாவின் பெயர். தம்பியின் நினைவாக வழங்கிய சொல்லைப் பயன்படுத்தியவர்கள், முதலில் வெட்டிய கை அக்காவுடையது என்பதை அறியாமலே தலைமுறை தலைமுறையாகக் கேலி செய்தார்கள். வெட்டுவதைவிட, வெட்டிய தடம் தெரியாமல் போவதுதான் பெரிய நட்டம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் வீட்டுக் கதை

‘வெள்ளைக்காரர்கள் கதைதானே’ என்று விட்டுவிட முடியாது. வீரமாமுனிவர் 1730இல் திருக்குறளை லத்தீனில் மொழிபெயர்த்தார். அறத்துப்பாலும் பொருட்பாலும் மட்டும். காமத்துப்பாலைத் தொடவில்லை. ஒரு துறவிக்கு அது பொருந்தாது என்று கருதினார். பௌட்லர் குடும்பம் ஷேக்ஸ்பியரில் கை வைப்பதற்கு 77 ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. 1886இல் ஜி.யு. போப் ஆங்கிலத்தில் குறளைக் கொண்டுவந்தபோதுதான் முப்பாலையும் சேர்த்துக் கொடுத்தார். அவரும் ஒரு பாதிரியார்தான்.

சரி, நான் என்ன செய்தேன்? 25 அதிகாரம், 250 குறள். ‘பெரியவங்க படிக்கிறது’ என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போனேன். பௌட்லராவது முகப்பில் எழுதி வைத்தார். நான் அந்தக் கால அப்பாவைப் போல, கேட்பவருக்குத் தெரியாமல் தாண்டப் பார்த்தேன். மாணவி பிடித்துவிட்டாள்.

வகுப்புக்கு ஏற்ப நாம் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு எதைத் தருவது, பதினாறு வயதுப் பிள்ளைக்கு எதைத் தருவது என்று முடிவு செய்வது ஆசிரியரின் பொறுப்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ‘இங்கே ஒரு பகுதி இருக்கிறது, இன்ன காரணத்தால் இன்று படிக்கவில்லை, பின்னால் நீயே படிக்கலாம்’ என்று சொல்லிவிட்டுத் தாண்டுவது வேறு, ஒன்றுமே இல்லாதது போலத் தாண்டுவது வேறு. முதலாவதில் மாணவருக்கு நூலின் முழு வடிவம் தெரியும். இரண்டாவதில், நாம் கொடுத்ததுதான் முழு நூல் என்று நம்பிவிடுவார்.

வகுப்பறை நடவடிக்கை

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு 30 நிமிடத்தில் இதைச் செய்து பார்க்கலாம்.

1. மாணவர்களுக்கு அறிமுகமான ஒரு சிறுகதைப் பத்தியைக் கொடுங்கள். அதில் கோபமான சொல் அல்லது கடுமையான வசனம் ஒன்றாவது இருக்கட்டும்.

2. இருவர் இருவராகப் பிரித்து, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி அந்தப் பத்தியை மாற்றச் சொல்லுங்கள். நீக்கிய சொல், மாற்றிய சொல், காரணம் மூன்றையும் ஒரு சிறு அட்டவணையில் எழுத வேண்டும்.

3. இரண்டு வடிவங்களையும் உரக்கப் படித்து, ‘எந்தச் சொல் போனதும் பாத்திரத்தின் உணர்ச்சியும் கூடவே போனது?’ என்று கேளுங்கள். லேடி மெக்பெத்தின் கறையை இங்கே நினைவுபடுத்தலாம்.

4. கடைசியாக, மாற்றியவர்கள் தங்கள் பெயரைத் தாளின் கீழே எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஹென்ரியேட்டாவின் கதையை அப்போது சொல்லுங்கள். கவனமாகக் கேட்பார்கள்.

அந்த மாணவிக்கு நான் தர வேண்டிய பதிலை அடுத்த வாரம் கொடுத்தேன். மூன்றாவது பாலின் பெயரைச் சொன்னேன். எத்தனை அதிகாரம் என்று சொன்னேன். அதில் ‘பிரிவாற்றாமை’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, பிரிந்து போகிறவரைப் பார்த்து வருந்தும் மனம் அதில் பேசுகிறது என்று சொன்னேன். வகுப்பு இந்த முறை சிரிக்கவில்லை. “இவ்வளவுதானா டீச்சர்?” என்று கேட்டாள். “இவ்வளவு இல்ல, இன்னும் இருக்கு. அதை நீயே படிப்ப,” என்றேன்.

அடுத்த முறை ஒரு பக்கத்தைத் தாண்டும்போது, தாண்டுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாண்டுங்கள். அது போதும்.